வாசகர் கேள்வி – பதில்: புவியியல் பட்டதாரியும் மனித உரிமை ஆய்வும்

கேள்வி: நான் புவியியல் பட்டதாரி. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள சம்பூர் மக்களின் இடப்பெயர்வை மனித உரிமை நோக்கில் ஆராய விரும்புகிறேன். அது சட்டம் படித்தவர்களின் வேலை என்று தடுக்கிறார்கள். சரியா?
– வாசகி, மூதூர்

பதில்: சட்டம் படித்தவர்கள் இல்லாமல் அந்த வேலை நடக்காது, அவர்களால் மட்டும் அது முடிவதும் இல்லை. 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூரிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன; அவர்களுட் பலர் 2015இலும் அதன் பின்னருமே தம் காணிக்குத் திரும்பினர். காணி தொடர்பான வர்த்தமானி அறிவித்தல்களைச் சட்டத்தரணி வாசித்து விளக்குவார். ஆனால், மக்களின் காணியை அடைத்த வேலி எந்த ஆண்டில் எதுவரை வந்தது, வயலுக்கும் குளத்துக்கும் போகும் பாதை எங்கே அடைபட்டது என்பதைச் செய்மதிப் படங்களையும் பழைய நில அளவைப் படங்களையும் ஒப்பிட்டுக் காட்ட வேண்டியவர் நீங்கள். உறுதிப்பத்திரம் தொலைந்த வீட்டில் ஒரு பாட்டி கிணற்றையும் புளியமரத்தையும் எல்லையாகச் சொல்வார். அதை வெறுங்கதையென்று தள்ளாமல் சான்றாக்குவதற்கு மானிடவியலாரின் நேர்காணல் முறையும் உங்கள் ஜிபிஎஸ் கருவியும் சேர்ந்தே வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலங்கை அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அதன் விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. சட்டநூலில் விடயம் இத்துடன் முடிந்துவிடுகிறது. முகாமிலிருப்பவர் இந்த விதியை யாரிடம் கேட்டறிந்தார், கொழும்புக்குப் போய்வர எத்தனை நாள் கூலியை இழந்தார், சட்டத்தரணியிடம் எந்த மொழியில் பேசினார் என்பவற்றை விசாரிக்காமல், அந்த ஒரு மாதம் போதுமா என்று எவராலும் சொல்ல முடியாது. பல்துறை ஆய்வு என்ற பெயரில் சட்டத்துக்கு ஓர் அத்தியாயம், சமூகவியலுக்கு ஓர் அத்தியாயம் என்று ஒட்டுப்போடுகிறவர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். நீங்கள் கேள்வியை ஒன்றாக வைத்துக்கொண்டு, அதற்கு எந்தத் துறை உதவுமோ அதை நாடுங்கள்.

கேள்வி: பாதிக்கப்பட்டவர்களிடம் வாக்குமூலம் பெறும்போது பெயரை மாற்றினால் போதுமா?
– ஆசிரியர், உப்புவெளி

பதில்: போதாது. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்காக மருத்துவரும் உளவியலாளரும் சட்டத்தரணியரும் கூடி உருவாக்கி, 1999இல் ஐக்கிய நாடுகள் சபையிடம் கையளித்து, 2022இல் திருத்தப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, பேசுபவரின் சம்மதத்தையும் அவருக்கு மீண்டும் தீங்கு நேராமையையும் வலியுறுத்துகிறது. நம் ஊர்கள் சிறியவை. ‘மூன்று பிள்ளைகளை இழந்த, கட்டைபறிச்சானில் தையல் வேலை செய்யும் தாய்’ என்று எழுதினால், பெயர் இல்லாமலே ஊர் அவரைக் கண்டுகொள்ளும். ஊரையும் தொழிலையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் அவருக்கே வாசித்துக் காட்டி, வேண்டாமென்று அவர் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள்.