மூன்று மாதிரிகளும் ஒரு கேள்வியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு, மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் ‘ஒரே ஆரோக்கியம்’ துறையில் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ஆறு மாத அவகாசம். கோழிகள், பண்ணைத் தொழிலாளர்கள், பக்கத்து ஓடை ஆகிய மூன்றிலும் ஆன்டிபயாட்டிக்குக் கட்டுப்படாத ஈ.கோலை பாக்டீரியாவைத் தேடத் திட்டமிட்டேன். நெறியாளரோ, “இது மூன்று பேர் வேலை, கோழியை மட்டும் எடு” என்கிறார். அப்படிச் செய்தால் அது வெறும் கால்நடை ஆய்வாகிவிடாதா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வேலை அதிகம் என்று உங்கள் நெறியாளர் சொல்வது உண்மைதான். அதற்காகக் கோழியை மட்டும் எடுக்கச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மூன்று இடத்தில் மாதிரி எடுத்து, மூன்று அட்டவணை போட்டு, முடிவுரையில் “இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை” என்று எழுதும் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. கோழியில் இருக்கிறது, ஆளிடம் இருக்கிறது, ஓடையிலும் இருக்கிறது. சரி, எது எங்கிருந்து போனது? ஒரே ஒருமுறை எடுத்த மாதிரி அதைச் சொல்லாது. அப்படியொரு கேள்வியே அந்த ஆய்வேடுகளில் இருப்பதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

தெற்காசியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததைப் பற்றி 2004இல் வெளிவந்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். களம் பாகிஸ்தான். செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டதன் அடையாளம் அது. வைரஸ், பூச்சிக்கொல்லி, கன உலோகம் என்று தேடினார்கள், எதுவும் பொருந்தவில்லை. பிறகு அந்தப் பறவைகள் தின்ற கால்நடைகளின் பக்கம் திரும்பினார்கள். கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் போய், என்னென்ன மருந்து போகிறது, அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது என்று விசாரித்தார்கள். டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி அகப்பட்டது. யூரிக் அமிலம் படிந்திருந்த 25 பறவைகளின் சிறுநீரகத்திலும் அந்த மருந்து இருந்தது. படிவு இல்லாத 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தது.

அதில் மனித ரத்தமோ மலமோ ஒரு துளி சோதிக்கப்படவில்லை. ஆனால் மருந்து விற்பவரிடம் பேசாமல், பிணவறைக்குள்ளேயே இருந்திருந்தால் புதிர் அவிழ்ந்திருக்காது.

ஆகவே ஓடையை விட்டுவிடுங்கள். மழைக்கு முன் எடுத்த நீரும் பின் எடுத்த நீரும் வேறு வேறு கணக்குக் காட்டும். ஆறு மாதத்தில் அதைச் சமாளிக்க முடியாது. மூன்று தளங்களிலும் ஒரே முறையில் கணக்கெடுக்க உலக சுகாதார நிறுவனத்தின் ‘ட்ரைசைக்கிள்’ வழிமுறை இருக்கிறது. ஆனால் அது நாடுகள் நடத்தும் கண்காணிப்புக்கானது. ஆய்வக முறையை வேண்டுமானால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கோழியையும் ஆளையும் வைத்துக்கொண்டு கேள்வியைக் குறுக்குங்கள். தினமும் கோழியைத் தொடும் தொழிலாளிக்கும், அதே பண்ணையில் கணக்கு மட்டும் எழுதுபவருக்கும் வித்தியாசம் உண்டா? தீவனத்திலோ தண்ணீரிலோ என்ன மருந்து கலக்கிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்கு ஆய்வகமே தேவையில்லை, நோட்டுப்புத்தகம் போதும். மரபணு வரிசையை ஒப்பிட வசதி இல்லையென்றால் ‘பரவியது’ என்ற சொல்லை ஆய்வேட்டில் எங்கும் எழுதாதீர்கள். இன்னொன்று: பத்துப் பண்ணைகளில் ஐந்தைந்து பேரைச் சோதித்துவிட்டு ஐம்பது தனித்தனி ஆட்கள் என்று கணக்குக் காட்ட முடியாது. ஒரே பண்ணைக்காரர்கள் ஒரே மருந்து, ஒரே தண்ணீருக்கு ஆளானவர்கள். மாதிரி எடுப்பதற்கு முன்பே புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் உட்காருங்கள். எடுத்த பிறகு போனால் அவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

கால்நடை மருத்துவராக உங்களுக்குப் பழக்கமில்லாத இடம் ஒன்று இருக்கிறது. கோழிக்கு முதலாளியின் சம்மதம் போதும். தொழிலாளிக்கு அவருடைய சம்மதமே வேண்டும், அதுவும் முதலாளி பக்கத்தில் இல்லாதபோது. முடிவு முதலாளி காதுக்குப் போனால் வேலை போகலாம் என்று அவர் பயப்படுவது நியாயம். கிருமி இருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள், யாரிடம் அனுப்புவீர்கள் என்று மனித ஆய்வு நெறிக்குழு நிச்சயம் கேட்கும். பொது சுகாதார மருத்துவர் ஒருவரை இணை நெறியாளராகக் கேளுங்கள். விலங்குகளுக்கான அனுமதி தனி. இரண்டில் மனித நெறிக்குழுவின் விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள். திருத்தம் கேட்டுத் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.