கீரைக்கார அம்மாவின் ஐம்பது ரூபாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மா சென்ற வாரம் மீதிச் சில்லறையோடு ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகே அதைக் கவனித்தேன்; திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அறம் என்பது கூட்டமாக வாழும் விலங்குகளுக்குப் பரிணாமம் அளித்த பழக்கமே என்றும், குரங்குகளுக்கும் நியாய உணர்வு உண்டு என்றும் அண்மையில் படித்தேன். அப்படியானால் நான் செய்தது அறமா? நாளையும் அவரிடம்தானே வாங்க வேண்டும் என்று மூளை எனக்குத் தெரியாமல் போட்ட கணக்கா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது, சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் 2003-இல் வெளியிட்ட கபுசின் குரங்கு ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். கையிலுள்ள சிறு கல்லைத் திருப்பிக் கொடுத்தால் வெள்ளரித் துண்டு ஒன்று கிடைக்கும். அதைச் சாதாரணமாக வாங்கித் தின்ற குரங்கு, பக்கத்துக் குரங்குக்கு அதே வேலைக்குத் திராட்சை தரப்படுவதைக் கண்டதும் பல முறை வெள்ளரியை மறுத்தது. சில முறை வீசியும் எறிந்தது. அந்த முடிவைப் பற்றிப் பின்னர் சர்ச்சைகள் எழுந்தன என்றாலும், இப்போதைக்கு அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அங்கே முறையிட்டது குறைவாகப் பெற்ற குரங்கு. நீங்களோ திராட்சை கிடைத்த இடத்தில் நின்றுகொண்டு அதைத் திருப்பிக் கொடுத்தவர். ஆகவே அந்த ஆய்வைக் கொண்டு உங்கள் செயலை விளக்கிவிட முடியாது.

கணக்கு பற்றிய ஐயம் இதைவிட வலுவானது. இன்று உதவினால் நாளை உதவி திரும்பக் கிடைக்கும் என்ற சூழலில் உதவும் குணம் இயற்கைத் தேர்வில் நிலைபெறக்கூடும் என்று உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1971-இல் காட்டினார். ஆனால் ஒரு குணம் எதனால் நிலைத்தது என்பது வேறு, அந்தக் குணமுடையவர் எதற்காகச் செயல்படுகிறார் என்பது வேறு. பசி உடலைக் காப்பதற்காக உருவானதுதான். அதற்காக, இட்லியைப் பிட்டு வாயில் வைப்பவர் உயிர் பிழைக்கும் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நாம் சொல்வதில்லை. இந்த வேறுபாடு நம் முன்னோருக்கும் தெரிந்திருந்தது. புறநானூற்றின் 134-ஆம் பாட்டில் புலவர் முடமோசியார், வள்ளல் ஆய் அண்டிரனை ‘அறவிலை வணிகன்’ அல்லன் என்கிறார்: இம்மையில் செய்தது மறுமைக்கு உதவும் என்று கொடுப்பவன் அல்லன், சான்றோர் சென்ற நெறி என்பதால் கொடுப்பவன். கொடை ஒன்றுதான்; காரணம் வேறு.

அப்படியானால் அறம் வெறும் உணர்வுதானா என்று நீங்கள் கேட்கக்கூடும். 1759-இல் முதலில் வெளிவந்த ‘அற உணர்வுகளின் கோட்பாடு’ என்னும் நூலில் ஸ்காட்லாந்து அறிஞர் ஆடம் ஸ்மித் பரிவிலிருந்தே தொடங்குகிறார். ஆனால் அதன் எல்லையை அவரைப் போல் கூச்சமின்றிக் காட்டியவர்கள் குறைவு. சீன தேசம் நிலநடுக்கத்தில் அழிந்ததாகக் கேள்விப்படும் நல்லிதயம் கொண்ட ஐரோப்பியர் ஒருவர் வருந்துவார், வாழ்வின் நிலையாமையை எண்ணுவார், ஐரோப்பிய வணிகம் என்னாகும் என்றுகூட யோசிப்பார், பிறகு தம் வேலையைப் பார்ப்பார். நாளை தம் சுண்டுவிரல் போகப்போகிறது என்றால் இன்றிரவு அவருக்கு உறக்கம் வராது. எனினும் அந்த விரலைக் காக்க, தாம் கண்டிராத அத்தனை கோடி உயிர்களைப் பலிகொடுப்பாரா என்றால், நினைக்கவே நடுங்குவார். இந்த நடுக்கம் பரிவிலிருந்து வருவதில்லை. பரிவு சற்றுமுன்தான் உறங்கப் போய்விட்டது. நம்மைப் பிறர் கண்ணால் பார்க்கும், நெஞ்சுக்குள் இருக்கும் நடுவரிடமிருந்து இந்த நடுக்கம் வருகிறது என்கிறார் ஸ்மித்.

எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது என்றாலும் ஒரு குறையும் தெரிகிறது. அந்த நடுவர் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும்? ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘வேண்டும்’ என்பதற்கு எப்படித் தாவுகிறீர்கள் என்று ஸ்மித்தின் நண்பரான தத்துவ அறிஞர் ஹியூம் ஏற்கெனவே கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு முன் பரிணாமமும் வாயடைத்துத்தான் நிற்கிறது. பகுத்தறிவே ‘வேண்டும்’ என்ற அந்த ஆணையை இடுகிறது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1785-இல் சொன்ன பதில் துணிச்சலானது. ஆனால் அது என்னை முழுதாக இணங்கச் செய்ததில்லை.

உங்கள் கணக்கைச் சோதிக்க வழி இருக்கிறது. வெளியூர்ப் பேருந்து நிலையத்தில், இனி ஒருபோதும் பார்க்கப்போகாத, உங்களிடம் எரிந்து விழுந்த ஒரு கடைக்காரர் அதே ஐம்பது ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எழுதுங்கள்.