கேளுங்க, சொல்றேன்

கேள்வி: நடிகரோ கிரிக்கெட்டரோ அரசியல் பேசி ட்வீட் போட்டாலும் திட்டுறாங்க, போடலன்னாலும் திட்டுறாங்க. எது நேர்மையான ட்வீட்னு எத வச்சு சார் சொல்றது? (மணப்பாறை வாசகர்)

பதில்: அது அவரோட சொந்தப் பேச்சுதானான்னு நான் மொதல்ல பாப்பேன், நமக்குப் பிடிச்ச கருத்தாங்கறதெல்லாம் அப்புறம். 2021 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? டெல்லி எல்லையில விவசாயிங்க புது வேளாண் சட்டங்கள எதிர்த்து உக்காந்திருந்தாங்க, அங்க இன்டர்நெட்ட கட் பண்ணிட்டாங்கன்னு வந்த சிஎன்என் செய்திய போட்டு, இதப்பத்தி நாம ஏன் பேசலன்னு பாப் பாடகி ரிஹானா ட்விட்டர்ல ஒத்த வரி கேட்டாங்க, மறுநாளே அதக் கண்டிச்சு நம்ம வெளியுறவுத்துறை அறிக்கை, கூடவே அரசாங்கத்துக்கு ஆதரவா ஹேஷ்டேக், அப்புறம் பாத்தா சச்சின், கோலி, அக்‌ஷய் குமார்னு வரிசையா வந்து போடுறாங்க. அதுல அக்‌ஷய் போட்டதும் சாய்னா நேவால் போட்டதும் ஒரே வாசகம். பரிட்சையில காப்பி அடிக்கிற பய கூட நாலு வார்த்தைய மாத்தி எழுதுவான் சார்! அரசாங்கத்த ஆதரிக்கிறது அவங்க உரிமை, அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா ரெண்டு பேருக்கும் அதே வாக்கியம் தானா தோணுச்சுன்னு என்னை நம்பச் சொல்லாதீங்க. ஹேர் ஆயிலுக்கு நடிச்சா அது விளம்பரம்னு நமக்குத் தெரியுது, இதுல தெரியலயே, அதான் கோவம்.

ரெண்டாவது, பேசினதுக்கு யாருக்கு என்ன ஆச்சுன்னும் பாருங்க. அதே விவகாரத்துல, டூல்கிட்னு ஒரு கூகுள் டாக்குமென்ட்ட, அதாவது போராட்டத்த எப்படி ஆதரிக்கலாம்னு சொல்ற வழிகாட்டிய, எடிட் பண்ணாங்கன்னு சொல்லி பெங்களூருல 22 வயசு சுற்றுச்சூழல் ஆர்வலர் திஷா ரவிய பிப்ரவரி 13ம் தேதி அரெஸ்ட் பண்ணாங்க, ஜாமீன் கிடைச்சது 23ம் தேதி. ஹேஷ்டேக் போட்டவங்க வீட்டுக்கு எந்த போலீஸும் போகல.

கேள்வி: ரிஹானாவுக்கு வேளாண் சட்டத்தப் பத்தி என்ன தெரியும்? (காரைக்குடி வாசகி)

பதில்: ஒண்ணும் தெரியாமலே இருக்கட்டும்மா, அவங்க கேள்விதானே கேட்டாங்க. சட்டம் மோசம்னு தீர்ப்பு சொல்லியிருந்தா, படிச்சீங்களான்னு நானும் உங்களோட சேர்ந்து கேட்டிருப்பேன்.

கேள்வி: கொச்சியில சச்சின் கட்-அவுட் மேல கறுப்பு ஆயில் ஊத்தினாங்களே, சரியா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: சரியில்ல. வெளியாளுங்க வேடிக்கை பாக்கலாம், பங்கெடுக்கக் கூடாதுன்னு அவர் சொன்னது எனக்கு சுத்தமா பிடிக்கல (அன்னைக்கு அந்த ஸ்க்ரீன்ஷாட்ட நாலு குரூப்புக்கு அனுப்பி நக்கலடிச்சவன்தான் நானும்), அதுக்காக ஆயிலா? இதவிட தமாஷ் ஒண்ணு நடந்துச்சு. சச்சின் யாருன்னு தெரியாதுன்னு 2014ல டென்னிஸ் வீராங்கனை ஷரபோவா சொன்னப்போ அவங்க ஃபேஸ்புக் பக்கத்துல கேரளத்து ரசிகருங்க மலையாளத்துல கண்டபடி திட்டித் தீர்த்தாங்கல்ல, 2021ல அதே பக்கத்துக்குப் போய் வரிசையா மன்னிப்பு கேட்டாங்க. திட்டினது சச்சின் மேல இருந்த பாசத்துல, மன்னிப்பு கேட்டது சச்சின் மேல வந்த கோவத்துல, ஷரபோவாவுக்கு ரெண்டுலயும் சம்பந்தமே இல்ல.