லயன் அறைக்கு எந்த லென்ஸ்: 21ஆ, 28ஆ, 35ஆ?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாய்மாமனிடமிருந்து வந்த லைக்கா எம்2 ரேஞ்ச்ஃபைண்டர் கமராவும் 50 மி.மீ. லென்ஸும் அவரிடம் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வரிசை வீடுகளையும், மலையகத்து நாட்டார் கூத்தான காமன் கூத்தையும் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுக்க ஆசை. மூக்குக்கண்ணாடி அணிபவர். ஹட்டனில் ஒருவர் எஃப் 4 துளையுள்ள (எஃப் எண் பெரிதானால் ஒளி புகும் துளை சிறிது) 21 மி.மீ. லென்ஸை மலிவாகத் தருகிறாராம். "மலையும் முழுதாக விழுமே, வாங்கலாமா?"

வேண்டாம். 35 மி.மீ. லென்ஸை வாங்குங்கள் (இந்த எண் சிறிதாகச் சிறிதாகப் படத்தில் விழும் கோணம் அகலும்). கையில் காசு மிஞ்சினால் பிறகு 28ஐப் பற்றிப் பேசலாம்.

மலையை முழுதாக அடக்க வேண்டும் என்று அகன்ற கோண லென்ஸைத் தேடுவது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது மலையை அடக்குவதில்லை, குறுக்கிவிடுகிறது. உங்கள் ஊரிலிருந்து தெரியும் சிவனொளிபாதமலையை 50இலும் 21இலும் ஒரே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள். 2,243 மீற்றர் சிகரம் 21இல் பாதி உயரத்துக்கும் குறைவாக, மீதியெல்லாம் வானமும் முன்னால் கிடக்கும் தேயிலைச் செடிகளுமாக இருக்கும். மலைக்கு உங்கள் 50 போதும். அகன்ற லென்ஸ் தேவைப்படுவது பின்னால் நகர இடமில்லாத இடத்தில்தான்.

ஆகவே அறையை அளந்து பார்ப்போம். 35 மி.மீ. பிலிமின் சட்டம் 36க்கு 24 மி.மீ. எதிரே இருக்கும் பொருளின் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் படத்தில் விழும் அகலம் கிடைக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒரு சுவரோடு முதுகை ஒட்டி நின்றால், எதிர்ச் சுவர் ஏறத்தாழ 3.3 மீற்றர் தூரத்தில் இருக்கும். 35 லென்ஸ் அங்கே 3.4 மீற்றர் அகலத்தைப் பிடிக்கிறது. சுவரின் அகலமே 3 மீற்றர் சொச்சம்தான். சாமிப்படம், தொலைக்காட்சிப் பெட்டி, கொடியில் தொங்கும் உடுப்பு, கீழே உட்கார்ந்திருக்கும் குடும்பம் எல்லாம் வந்துவிடும். 28இல் 4.2 மீற்றர், அதாவது பக்கச் சுவர்களும் கொஞ்சம் உள்ளே வருகின்றன. 21இல் 5.7 மீற்றர். அந்த அறையில் அவ்வளவு அகலமே கிடையாது! தரையும் கூரையும் பக்கச் சுவர்களும் படத்தை நிறைக்க, ஓரத்தில் இருக்கும் பாட்டியின் முகம் பக்கவாட்டில் இழுபட்டுக் கிடக்கும். படத்தைப் பார்த்து அவர் கோபித்தால் நான் அவர் பக்கம்தான்.

அடுத்தது, நீங்கள் கண் வைக்கும் ஜன்னல். லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் கமரா இது. எம்2இன் வியூஃபைண்டரில் 35, 50, 90 ஆகியவற்றுக்கு மட்டுமே, படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் கோடுகள் உண்டு. 28க்கான கோடு லைக்காவில் எம்4-பி என்ற பிந்தைய கமரா வந்த பிறகுதான் கிடைத்தது. 28ஐ மாட்டினால் எம்2 உங்களுக்கு 90இன் கோட்டைக் காட்டும். ஜன்னல் முழுவதையும் 28 என்று எடுத்துக்கொள்வது பழைய ஆட்களின் வழக்கம், கிட்டத்தட்டச் சரியாகவும் இருக்கும். ஆனால் மூக்குக்கண்ணாடியோடு ஜன்னலின் நான்கு மூலைகளையும் உங்களால் ஒருசேரப் பார்க்க முடியாது. 21க்கோ மேலே செருகும் தனி வியூஃபைண்டர் கட்டாயம். கீழ் ஜன்னலில் குவியம், மேல் ஜன்னலில் சட்டம் என்று கண் ஏறி இறங்க வேண்டும். அதை வேறாக வாங்குவதற்கான செலவைச் சேர்த்தால் ஹட்டன்காரர் சொன்ன மலிவு விலை மலிவல்ல.

காமன் கூத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கூத்து நடக்கும் காமன் பொட்டலில் இரவு வெளிச்சம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 400 வேக பிலிமில் எஃப் 2 துளைக்கு 1/30 வினாடி கிடைக்கிற இடத்தில், எஃப் 4க்கு 1/8 வினாடிதான் கிடைக்கும். இந்தக் கமராவில் படம் எடுக்கும்போது உள்ளே துள்ளி அதிர்வு தரும் கண்ணாடி இல்லாததால் 1/8இலும் உங்கள் கை நடுங்காமல் இருக்கலாம், ஆடுகிறவரின் கால் நிற்குமா? 35 லென்ஸை எஃப் 2இல் இரண்டு மீற்றர் தூரத்துக்குக் குவித்தால் 1.8 முதல் 2.2 மீற்றர் வரைதான் கூர்மையாக இருக்கும். குவியம் சரியாகும்போது ஜன்னலில் தெரியும் இரட்டைப் பிம்பம் ஒன்றாகும். ஆகவே இரவில் கூத்தாடுபவரின் முகத்தில் அந்த இரட்டைப் பிம்பத்தை ஒவ்வொரு முறையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். பகலில் கொழுந்து பறிக்கும் மலையில் அந்தத் தொல்லை இல்லை. எஃப் 8இல் 5 மீற்றருக்கு வளையத்தை வைத்துவிட்டால் இரண்டரை மீற்றரிலிருந்து எல்லையின்மை வரை கூர்மை கிடைக்கும், வளையத்தைத் தொடவே தேவையில்லை.

35இல் எது? புதிதாக வாங்கினால் வோய்க்ட்லாண்டர் அல்ட்ரான் எஃப் 2. அளவில் சிறியது, உங்கள் வேலைக்குப் பொருத்தமானது. அதே நிறுவனத்தின் கலர் ஸ்கோப்பார் எஃப் 2.5 இன்னும் சிக்கனம். சைஸ் பயோகன் எஃப் 2 நல்ல லென்ஸ், ஆனால் பெரியது. மிகக் குறைந்த செலவுக்கு சோவியத் ஜூபிட்டர்-12 எஃப் 2.8 உண்டு. 39 மி.மீ. திருகுப் பொருத்தம் என்பதால் எம்2இல் மாட்ட அடாப்டர் தேவை, 35இன் கோட்டைக் காட்டும் அடாப்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள். அதன் பின்கண்ணாடி கமராவுக்குள் வெகுதூரம் நீண்டிருக்கும், ஒளிமானி உள்ளே உள்ள சில கமராக்களில் முட்டும். எம்2இல் ஒளிமானியே இல்லாததால் அந்தப் பயம் இல்லை. பழைய லைக்கா 35களில் முன்னால் இரட்டைக் கண்ணாடி பூட்டியவை எம்3 என்ற இன்னொரு லைக்கா கமராவுக்காகச் செய்யப்பட்டவை. உங்களுக்கு அந்தச் சுமை தேவையில்லை.

லென்ஸின் முன் மாட்டும் நிற வடிகட்டியில் மஞ்சள் ஒன்று போதும். ஹப்புத்தளையிலிருந்து தெற்கே தெரியும் நீலப் புகைமூட்டம் அதனால் கொஞ்சம் விலகும். ஏறி வரும் வெள்ளை மூடுபனி எந்த வடிகட்டிக்கும் அசையாது. நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஒரேபோல் சிதறடிப்பதால் அது விலகும்வரை காத்திருப்பதைத் தவிர வழி இல்லை.

எம்2இன் ஷட்டர் ரப்பர் பூசிய துணி. உச்சி வெயிலில் லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி மார்பில் தொங்கினால் துணியில் ஊசித்துளை விழும். மூடியைப் போடுங்கள் என்பார்கள். ஆனால் ஜன்னல் வழியே பார்க்கும்போது மூடி இருப்பதே தெரியாது, முழுச் சுருளும் வெறுமையாகிவிடும். நடக்கும்போது துளையை எஃப் 16க்கும் குவியத்தை மிக அருகுக்கும் திருப்பி, லென்ஸைக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய லென்ஸ் எதுவானாலும் டோர்ச் வெளிச்சத்தைப் பின்னாலிருந்து பாய்ச்சிச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஈரத்தில் அது வளர்ந்துகொண்டே போகும், விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். பிறகு கமராவில் மாட்டி, பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு கிலோமீற்றராவது தள்ளியிருக்கும் தொழிற்சாலைக் கூரையின் விளிம்பைப் பாருங்கள். வளையம் எல்லையின்மையில் முட்டி நிற்கும்போது இரண்டு பிம்பமும் ஒன்றாக வேண்டும். வீட்டில் தோலுறையில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். உங்கள் 50க்கும் இந்த டோர்ச் சோதனையை இன்றே செய்துவிடுங்கள்.