அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பரிசோதனைகள் எப்படி இருக்கும்? ஊர் உறவுக்கு எப்போது சொல்லலாம்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கடைசி ரிப்போர்ட் வந்து ஆபரேஷன் தேதி குறிக்கும்வரை மூச்சு விடாதீர்கள். நான் முந்திக்கொண்டு சொன்னேன், இன்னும் அனுபவிக்கிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடத்தைத் தொட்டால் உள்ளே வண்டு இரைவது போல அதிரும். அதைத் தொட்டுப் பார்த்த அன்றே "நான் தர்றேன்" என்றேன். சாயங்காலம் டீக்கடையிலும் சொன்னேன். பெருமைதான், மறைப்பானேன்.

உடன்பிறந்தவர் என்பதால் உங்களுக்குச் சட்டச் சிக்கல் பெரிதாக இருக்காது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, உடன்பிறந்தோர் நெருங்கிய உறவு. 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். ரத்த வகை, சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், திசுப் பொருத்தம், இரண்டு பேர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச், ஸ்கேன், சிறுநீரக ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ என்று போகும். மனநல மருத்துவரும் பார்ப்பார்.

24 மணி நேரச் சிறுநீர் ஒன்று இருக்கிறது. காலையில் முதல் தடவை போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் தடவை வரை சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். அந்த ஐந்து லிட்டர் கேனைக் கட்டைப்பையில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டு அம்மா, "நல்லெண்ணெயா தம்பி, செக்குல ஆட்டுனதா?" என்றார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். லிட்டர் என்ன விலை என்று கேட்டபோதுதான் முழித்தேன்.

அதற்கு முன்பே கொடுத்திருந்த ரத்தத்தின் ரிப்போர்ட் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.9. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய். 41 வயதில் எனக்கே தெரியாது. "உங்க ரெண்டு கிட்னியும் உங்களுக்கே வேணும்" என்று டாக்டர் ஃபைலை மூடிவிட்டார்.

இங்கேதான் வினை. கொடுக்க வருபவரிடம் டாக்டர்கள் தனியாகப் பேசுவார்கள். மனமில்லை என்று சொன்னால், வீட்டாரிடம் "உடம்பு ஒத்துவரவில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெண் நர்ஸ் வேலை பார்க்கிறது. மனமில்லாதவரை இப்படிச் சொல்லிக் காப்பாற்றுவார்கள் என்பது அது வழியாக ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் யாரைப் பார்த்தாலும் "சர்க்கரையாம்ல?" என்று ஒரு இழுப்பு. நிஜமாகவே சர்க்கரை வந்தவன் எதைக் காட்டி நிரூபிப்பது? ஊரைத் திட்டுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணனுக்கு மூச்சு வாங்கியபோது கார் எடுத்து வந்ததும் இதே ஊர்க்காரர்தான்.

எனக்குப் பதிலாக அண்ணி கொடுக்க வந்தார், ஓ பாசிட்டிவ் ரத்தம். யாரிடமும் கேட்காமல் தானே போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். உடம்பில் ஒரு குறை இல்லை, காகிதத்தில்தான் எல்லாமே. ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். கணவன் மனைவி என்று காட்டக் கல்யாண போட்டோ கேட்டார்கள். 2018 கஜா புயலில் ஓடு பறந்து ஆல்பம் நனைந்து பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கிடந்தது. அண்ணியின் அம்மா வீட்டுச் சுவரில் ஒரே ஒரு படம் தப்பியிருந்தது. அதில் அண்ணன் தோளுக்குப் பின்னால் என் பாதி முகம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காப்பீட்டு அட்டை இருந்தாலும் லாட்ஜ், பஸ், சாப்பாடு கைக்காசுதான். சம்பா அறுத்த பணத்தை நம்பியிருந்தோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிப் பன்னிரண்டு நாள் காவல் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டக்கூடாது. முதல் நாள் சரியாக இருந்த நெல், மழை பெய்தால் எப்படிச் சரியாக இருக்கும்? தார்ப்பாயும் நாம்தான் கொண்டுபோக வேண்டும், மூட்டைக்கு இவ்வளவு என்று கையிலும் வைக்க வேண்டும். அண்ணிக்கு ஆஞ்சியோ எடுத்த அன்றைக்கு நான் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதற்கும் "பார்த்தியா, ஆஸ்பத்திரிப் பக்கமே வரலை" என்றார்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அண்ணி ஐந்தாம் நாள் எழுந்து நடந்தார். அண்ணனுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம் தவறமாட்டார். நானும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று போடுகிறேன். கல்யாண வீட்டில் பாயசம் வேண்டாம் என்று கை காட்டினால், நடிக்கிறான் என்று ஒரு பார்வை வரும்.

அண்ணன் மட்டும் இதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ரிப்போர்ட் பீரோவில் துணிக்கு அடியில்தான் இருக்கிறது. கேட்டிருந்தால் எடுத்துக் காட்டியிருப்பேன்.