சின்ன ரயில், லாரி மாடல்களில் வெயிலில் வெளுத்து பெயின்ட் தேய்ந்த தோற்றம் கொண்டுவர மினி சாண்ட்பிளாஸ்டர் உதவுமா?

நன்றாகவே உதவும். காற்றழுத்தத்தில் நுண்ணிய பொடியைப் பீய்ச்சி மேற்பரப்பைத் தேய்க்கும் சின்னக் கருவி அது. பிரஷ்ஷால் எவ்வளவு வரைந்தாலும் வராத ஒரு தேய்மானம் இதில் வரும். ஆனால் எந்தக் கருவி என்பதைவிட அதற்குள் என்ன பொடி போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பொடி மாறினால் பல மாத உழைப்பு பத்து நொடியில் போய்விடும்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். வார்த்தெடுத்த உலோகப் பல் உறைகளைச் சுத்தம் செய்ய எங்களிடம் பேனா போன்ற சாண்ட்பிளாஸ்டர் உண்டு. 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலுமினியம் ஆக்சைடு பொடி, இரண்டு முதல் நான்கு பார் அழுத்தத்தில் காற்று. வீட்டில் செய்வது மீட்டர் கேஜ் ரயில் பெட்டிகள், 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. செங்கோட்டையிலிருந்து மலை ஏறிப் புனலூர் போகும் பாதை 1904-இல் வந்தது. 2010-இல் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றன. 2018-இல் அகலப்பாதை வந்துவிட்டது. அந்தப் பழைய பெட்டிகள் கண்ணில் நிற்கும்போதே செய்து வைத்துவிட வேண்டும் என்று ஆசை.

முதலில் ஒரு கணக்கு. 50 மைக்ரான் துகளை 87-ஆல் பெருக்கினால் 4.35 மில்லிமீட்டர். அதாவது உங்கள் மாடல் பெட்டிக்கு அது ஒரு மிளகு மாதிரி. நம் கடற்கரை கார்னெட் மணலைப் போடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கப்பல், பாலம், பைப்லைனில் துரு நீக்கும் வேலைக்கு அது அருமையான பொருள்தான். ஆனால் கடையில் வரும் 80 மெஷ் (சல்லடைக் கண் அளவு) கார்னெட்டே ஏறக்குறைய 180 மைக்ரான். அதே பெருக்கலில் கோலிக்குண்டு அளவு வந்துவிடும். கோலிக்குண்டால் அடித்த சுவர் எப்படி இருக்குமோ அப்படித்தான் மாடலும் இருக்கும். ஆற்று மணலைச் சலித்துப் போடுவது இன்னும் மோசம், அதை யாரும் செய்யவே கூடாது. அதில் இருப்பது குவார்ட்ஸ். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ். அந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

பித்தளை, வெள்ளை உலோகம் (வெள்ளீயக் கலவை) என்றால் அலுமினியம் ஆக்சைடு சரி. சால்டரிங் அழுக்கு போய், பிரைமர் நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்டிக்குக்கு அது வேண்டாம். என் இரண்டாவது பெட்டியை லேபில் உலோகத்துக்கு வைத்திருந்த அதே மூன்று பாரில் அடித்தேன். ஜன்னல் விளிம்புகள் உருண்டுபோயின, பக்கவாட்டு ஆணித்தலை வரிசையே மறைந்துவிட்டது. அப்புறம்தான் சமையல் சோடாவுக்கு மாறினேன். பொருள்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் அலுமினியம் ஆக்சைடின் கடினம் 9, சோடாவுடையது இரண்டரை. சோடா மேல் பெயின்ட்டைத் தின்னும், அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கை அவ்வளவாகத் தொடாது.

தேய்மானம் உண்மையாக வர, பெயின்ட்டை அடுக்கும் முறையிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். அடியில் துருநிற லாக்கர் பிரைமர், மெல்லிய பூச்சாக இரண்டு தடவை. அது ஒரு நாள் முழுக்கக் காயட்டும். மேலே அக்ரிலிக் செங்காவி, இன்னும் இரண்டு நாள். லாக்கர் கடினம், அக்ரிலிக் இளசு. சோடா அடிக்கும்போது இளசு முதலில் விலகி, துருநிறம் தானாக எட்டிப் பார்க்கும். ஒரு பாருக்குக் கொஞ்சம் மேலே, பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து மேலோட்டமாக ஓட்டினால் பளபளப்பு மட்டும் போய், வெயிலில் வெளுத்த கூரை வரும். மூன்று சென்டிமீட்டருக்கு அருகில் கொண்டுபோனால் பெயின்ட் விலகத் தொடங்கும். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். துரு ஒழுகிய கோடுகள் இந்தக் கருவியால் வராது, அதற்குத் தனியாக வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பெயின்ட், கொடுக்க வேண்டும்.

எங்கே தேய்க்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்தது அப்பா. ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். முதல் பெட்டியைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஏல, ஜன்னலுக்கு மேல யாருல கை வைக்கப்போறா? ஏறுறவன் பிடிக்கது வாசக் கம்பியத்தான. அந்தக் கம்பிக்குப் பின்னாலதாம்ல பெயின்ட் போவும்" என்றார். அன்றிலிருந்து வாசல் கம்பிக்குப் பின்னால் விரல் முட்டி உரசும் அந்தச் சின்ன இடம், படிக்கட்டின் முன் விளிம்பு, ஜன்னலில் முழங்கை வைக்கும் கீழ்ச்சட்டம், இந்த மூன்றில்தான் அருகில் பிடித்து அடிக்கிறேன். மறைக்க வேண்டிய இடத்தில் காகித மாஸ்கிங் டேப்பைவிட வினைல் டேப் தாங்கும். ரப்பர் மாதிரி இருப்பதால் துகள் துள்ளிவிடுகிறது.

அடுத்த தொல்லை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் சோடா கட்டி கட்டியாகி நாசிலை அடைக்கும். கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம். டேங்க் இல்லாத சின்ன ஏர்பிரஷ் கம்ப்ரஸர் இதற்குப் போதாது. நான் வைத்திருப்பது 24 லிட்டர் டேங்க். சோடாவைப் பழைய வேட்டித் துணியில் வஸ்திரகாயம் செய்து, அதாவது சலித்து, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்துக்கொள்வேன். அலுமினியம் ஆக்சைடு ஈரமானால் இரும்புச் சட்டியில் வறுத்துக்கொள்ளலாம். சோடாவை மட்டும் அடுப்பில் ஏற்றக் கூடாது. சூட்டில் அது சலவைச் சோடாவாக மாறிவிடும்.

மொட்டை மாடியில், அதுவும் ஆடிக் காற்றில், அடிக்க வேண்டாம். ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் கை நுழைய இரண்டு துளை போட்டு, மேலே கண்ணாடி வைத்து, பின்னால் வேக்குவம் கிளீனர் குழாயைச் சொருகினால் போதும். என்ன பொடியானாலும் என்95 மாஸ்க், கண்ணாடி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் மாடலை வெதுவெதுப்பான நீரில் மென்மையான பிரஷ் வைத்துக் கழுவுங்கள், கடைசி அலசலில் சில துளி வினிகர் விடுங்கள். மூலைகளில் சோடா மிஞ்சினால் அங்கே அடுத்த பூச்சு வெள்ளை பூத்து உரிந்துவிடும். முதல் தடவை மாடலில் கை வைக்காதீர்கள். ஒரு பழைய சுவிட்ச் பெட்டி மூடிக்கு அதே பிரைமர், அதே பெயின்ட் அடித்து, அதே இரண்டு நாள் காயவிட்டு, அதில் தூரத்தைப் பழகிக்கொள்ளுங்கள். எனக்கு நான்கு மூடி ஆயிற்று.