தோற்ற குதிரைக்கு இவ்வளவு மரியாதையா?

கேள்வி: மெல்பேர்ணில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் பண்ணிய ஒரு குதிரை. பெயர் ஃபார் லாப். செத்துத் தொண்ணூறு வருடமான பந்தயக் குதிரையாம், சனம் கோயிலில் நிற்பதுபோல் நிற்கிறது. 51 ஓட்டம் ஓடி 14இல் தோற்றிருக்கிறது. ஒருமுறையும் தோற்காத குதிரைகள் இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு மரியாதை? எங்கள் மாட்டுவண்டிச் சவாரிக் காளைகளில் தோல்வியே காணாதவை எத்தனை! அவற்றுக்கு ஒரு கல்லாவது நட்டோமா?
— வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: முதலில் ஒரு திருத்தம் ஐயா. நீங்கள் பார்த்தது தோலை. எலும்புக்கூடு நியூசிலாந்தில், வெலிங்டனில் நிற்கிறது. இதயம் கன்பராவில் இருக்கிறது, 6.2 கிலோ, சாதாரணக் குதிரையினுடையதைப் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய பாதிதான் வரும். பிறந்தது நியூசிலாந்து, ஓடியது அவுஸ்திரேலியா, செத்தது அமெரிக்கா, அதனால் வளவு பங்கு பிரிப்பதுபோல் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். நம் ஆட்களாக இருந்தால் இன்றைக்கும் வழக்கு நடந்துகொண்டிருக்கும்.

இனி உங்கள் 14. எண் சரி. எந்தப் 14 என்றுதான் நீங்கள் பார்க்கவில்லை.

1928இல் ஏலத்தில் 160 கினிக்கு (ஒரு கினி ஒரு பவுணுக்குச் சற்றுக் கூட) விழுந்த குட்டி இது. கையில் காசில்லாத ஹரி டெல்ஃபோர்ட் என்ற பயிற்சியாளர், ஏலப் புத்தகத்தில் வம்சத்தை மட்டும் பார்த்துவிட்டு, டேவிஸ் என்ற வியாபாரியைப் பிடித்து வாங்க வைத்தார். கப்பலில் வந்து இறங்கியதைப் பார்த்தால் முகமெல்லாம் மரு, நடையும் கோணல். டேவிஸுக்கு வந்த கோபத்தில், பயிற்சிக்கு ஒரு சதமும் தரமாட்டேன் என்றுவிட்டார். சரி, மூன்று வருடக் குத்தகைக்குத் தாருங்கள், தீனிச் செலவு என்னுடையது, பரிசுக் காசில் மூன்றில் இரண்டு பங்கு எனக்கு என்றார் டெல்ஃபோர்ட். வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பழகிய உங்களுக்கு இந்தப் பேச்சை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

முதல் ஓட்டத்தில் கடைசி. அடுத்த மூன்றிலும் இடம் கிடைக்கவில்லை. 1929 ஏப்ரல் 27ஆம் திகதி, சிட்னி ரோஸ்ஹில் திடலில், ஐந்தாவது ஓட்டத்தில்தான் முதல் வெற்றி. முதல் 16 ஓட்டங்களில் 11 தோல்வி, அதாவது உங்கள் பதினான்கில் பதினொன்று அங்கேயே முடிந்துவிட்டது. 1930 மார்ச்சிலிருந்து கடைசி ஓட்டம் வரைக்கும் 35 முறை ஓடி 32இல் முதலிடம். இடையில் ஒரு தடவை தொடர்ந்து 14 வெற்றி. மிச்சம் மூன்று தோல்வி. அவற்றில் இரண்டில் இரண்டாமிடம், ஒன்றில் தலையளவுக்கும் குறைந்த வித்தியாசம், மற்றதில் கழுத்தளவு.

மூன்றாவது, 1931 மெல்பேர்ண் கப், எட்டாவது இடம். இதை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பந்தயத்தில் நல்ல குதிரைக்குக் கூடிய பாரம், மட்டமான குதிரைக்குக் குறைந்த பாரம் ஏற்றுவார்கள். ஓட்டுகிறவரின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு வைத்து நிரப்புவார்கள். வெல்ல வெல்லப் பாரம் ஏறும். 1930இல் 62 கிலோவுக்கு மேல் சுமந்து வென்ற குதிரைக்கு அடுத்த வருடம் 68 கிலோ. ஒரு அந்தர் உரப்பையை முதுகில் போட்டு, அதற்கு மேலே இன்னும் 17 கிலோவை வைத்து, இரண்டு மைல் ஓடு என்றால் எப்படி இருக்கும்? வென்ற குதிரை இதைவிட இருபது கிலோவுக்கும் மேல் குறைவாகச் சுமந்துகொண்டு ஓடியது. எங்கள் சவாரியில் வென்ற சோடியை மேற்பிரிவில் விடுவோம், ஆனால் வண்டியில் கல்லை ஏற்றி கீழ்ப்பிரிவோடு ஓடவிட மாட்டோம் அல்லவா?

தோற்காத குதிரைகள் இருக்கின்றனதான். அதே அவுஸ்திரேலியாவின் பிளாக் கேவியர் 25 ஓட்டம், 25 வெற்றி. ஆனால் அது 1,400 மீட்டருக்கு மேல் ஒருநாளும் ஓடியதில்லை. இங்கிலாந்தின் பிராங்கல் 14க்கு 14, நாட்டைவிட்டு வெளியே காலே வைக்கவில்லை. இரண்டும் அருமையான குதிரைகள், குறை சொல்லவில்லை. எங்கே ஓடுவது, எங்கே ஓடாமல் இருப்பது என்று நன்றாக யோசித்த முதலாளிமார் அவற்றுக்கு இருந்தார்கள். ஃபார் லாப் 1,400 மீட்டரிலும் வென்றது, இரண்டு மைலிலும் வென்றது. 1930 நவம்பர் 1ஆம் திகதி காலைப் பயிற்சி முடித்து வரும்போது காரில் வந்த ஆட்கள் அதைச் சுட்டார்கள், குறி தப்பியது. அன்று பின்னேரமே ஒரு பந்தயம் ஓடி வென்றது, செவ்வாய்க்கிழமை மெல்பேர்ண் கப், வியாழன் ஒன்று, சனி ஒன்று. எட்டு நாளில் நான்கு. வேலையில்லாமல் சனம் தெருவில் நின்ற காலம் அது, தோற்றாலும் வென்றாலும் ஓடி வருகிற ஒன்றை அந்தச் சனம் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கடைசி ஓட்டம் 1932 மார்ச் 20, மெக்சிகோவில். கப்பலில் போய், குளம்பு வெடித்திருந்த நிலையில், பழகாத மண்ணில் வென்றது. பதினாறு நாள் கழித்து கலிபோர்னியாவில் வயிற்று வலி வந்து செத்தது. பக்கத்து மரங்களுக்கு அடித்த மருந்து புல்லில் பட்டது என்று அப்போது சொன்னார்கள், சூதாட்டக்காரர் வேலை என்றார்கள். பிறகு பிடரிமயிரைச் சோதித்ததில் சாவதற்கு ஒன்றரை நாள் முன் ஆர்சனிக் என்ற நஞ்சு நிறைய உள்ளே போனது தெரியவந்தது. அந்தக் காலத்தில் குதிரைக்கு ஆர்சனிக் கலந்த டானிக் கொடுப்பது வழக்கம், டெல்ஃபோர்டின் மருந்துக் கொப்பியிலும் அது இருக்கிறது. எதிரி கொடுத்ததா, சொந்த ஆள் அளவு தவறினாரா என்று இன்னும் அடிபடுகிறார்கள்.

சரி, எங்கள் காளைகள். "தோல்வியே காணாதவை" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காளை, எந்தத் திடல், எந்த வருடம், எந்தப் பிரிவு? 1929இல் ஒரு குதிரை கடைசியாக வந்த ஓட்டத்தைக்கூட இன்றைக்கு நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டு சொல்கிறேன், அதை யாரோ ஒருவர் அன்றே எழுதி வைத்தார். எங்கள் சவாரியில் மைக்கில் சொல்வது வண்டி யாருடையது என்பதை, அடுத்த நாள் பேப்பரில் வருவது கிண்ணம் கொடுத்த பிரமுகரின் பெயர். அப்பாவிடமும் ஒரு சோடி நின்றது. ஒன்று மயிலை, மற்றதன் நிறத்துக்காக எனக்கும் அண்ணனுக்கும் இன்றைக்கும் சண்டை. படம் ஒன்றும் மிஞ்சவில்லை. 2009இல் கட்டை அவிழ்த்துவிட்டு வந்த மாடுகளோடு ஊரில் பலபேருடைய இந்தக் கணக்கெல்லாம் போய்விட்டது, அதற்கு உங்களையோ என்னையோ குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஓடிய காளைகளுக்கு என்ன சாட்டு?

கல் நடுவதற்கு முன் இன்னொன்று. குதிரைக்கும் சாட்டை உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் காளை ஒன்றின் தோலைப் பாடம் பண்ணிக் கண்ணாடிக்குள் வைத்தால், துவரந்தடியும் ஆணியும் பட்ட தழும்பை எந்தப் பக்கம் திருப்பி மறைப்பீர்கள்? ஓட முடியாமல் போன காளை யார் கைக்கு விலைப்பட்டது என்ற கேள்வியை நான் கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும்.

ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் இப்போது ஓடுகிற ஒரு சோடியை எடுங்கள். காளைகளின் பெயர், நிறம், வாங்கின விலை, ஓடின திடல்கள், வென்றது, தோற்றது எல்லாம் எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன். தோற்றதை விட்டுவிட்டு அனுப்பினால் போடமாட்டேன்.